கோடு வளையும் இடம்

சூசைநாதன் மறுபடியும் தோற்றார்.

ஞாயிறு பூசை முடிந்து சிங்கப்பூர் பிடோக் வட்டாரத்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூட வேலை செய்யும் செல்லக்கண்ணுவோடு டிவி கேம் ஆட உட்காருவது அவர் வழக்கம். ரிப்பேருக்கு வந்த ஒரு கப்பலின் சமையல்காரனிடம் எழுபத்தேழில் வாங்கிய பெட்டி அது. கறுப்புத் திரை, நடுவே ஒரு கோடு, இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் குச்சிகள், ஒரு சதுரப் பந்து. கையில் பிடிக்கும் திருகைத் திருப்பினால் குச்சி மேலும் கீழும் நகரும். பந்தைத் தட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். அதில் சூசைநாதனை யாரும் ஜெயித்தது கிடையாது. ஷிப்யார்டில் கிரேன் ஓட்டுகிற கை.

சீனப் புத்தாண்டுக்குப் பிறகு பழைய கறுப்பு வெள்ளை டிவி புகைந்து நின்றுபோனது. மகள் பிரிஜட் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்தே பெரிய கலர் டிவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். செய்தியும் தமிழ்ப் படமும் அதில் நன்றாகத்தான் தெரிந்தன. இந்தப் பழைய ஆட்டம்தான் நாறியது. ஓரத்துக் குச்சிகள் திரைக்கு வெளியே பாதி போய்விட்டன. பந்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகக் கசிந்தது.

"என்னண்ணே, கிரேன் ஓட்டுற கையா இது? கரண்டி புடிக்கிற கை மாதிரில்ல இருக்கு" என்றான் செல்லக்கண்ணு.

"போடா டேய். கைய ஏன் சொல்ற? டிவி சரியில்ல. பந்து பக்கத்துலயே இன்னொரு பந்து ஓடுது."

"அதே டிவியிலதானண்ணே நானும் பாக்குறேன்."

"நீ எப்பவும் குத்துமதிப்பா அடிக்கிறவன்லா. உனக்கு என்ன, எது தெரிஞ்சாலும் ஒண்ணுதான்."

அடுப்படியிலிருந்த பிரிஜட்டுக்குச் சுருக்கென்றது. திரையில் படம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தொழிற்சாலையில் ஒவ்வொரு டிவியிலும் வெள்ளைக் கட்டங்களை வரவழைத்து, எதிரே கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே, பின்னால் குழாயின் கழுத்திலிருக்கும் வளையங்களைத் திருப்புவாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெள்ளைக் கோடாகும்வரை விடமாட்டாள். அவள் கைபட்டு வெளியே போன டிவி திரும்பி வந்ததில்லை.

"அப்பா, புதன்கிழம எனக்கு ஆஃப். நான் சரி பண்ணித் தாரேன். அப்புறம் டிவியக் குத்தம் சொல்லக் கூடாது."

"பண்ணு பாப்போம்" என்றார் சூசைநாதன். திருகைத் தரையில் போட்ட வேகத்தில் ஒயர் சுருண்டது.

புதன்கிழமை டிவியின் முதுகைத் திறந்து, படத்தை நாலு பக்கமும் சுருக்கினாள். குச்சிகள் உள்ளே வந்தன. வளையங்களைத் திருப்பி நிறக்கசிவைக் குறைத்தாள். கலரை முழுக்க இறக்கிவிட்டாள். ஆனாலும் பந்து பஞ்சு மாதிரி உப்பியே இருந்தது. அதற்கு மேல் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, அப்பர் டிக்சன் ரோட்டில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் அப்துல் அலீமிடம் போனாள்.

அலீம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் உயிர் இருக்காம்மா? எங்க கடையில குப்பையில கெடந்தா நாய்கூட மோந்து பாக்காது."

"எங்கப்பாவுக்கு இதுதான் சினிமா, பீச்சு எல்லாம்."

"சரி சரி. விஷயம் என்னன்னா, இந்தப் பெட்டி படத்த ஸ்டேஷன் சிக்னலா மாத்தி ஏரியல் துளை வழியா அனுப்புது. டிவி அத மறுபடி படமா மாத்துது. சோத்த வடிச்சு, காய வெச்சு, திரும்ப வேக வெக்கிற மாதிரி. கொழையாம என்ன செய்யும்?" அவர் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினார். "உங்க டிவியில வீடியோ ரெக்கார்டர் மாட்ட பின்னால துளை இருக்குல்ல? நேரா அதுக்கே ஒரு ஒயர் இழுத்துத் தாரேன். வேற ஒண்ணும் வேணாம்."

அன்று மாலை அந்த ஒயரை மாட்டியதும் பிரிஜட் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பந்தின் நாலு மூலையும் கத்தியால் வெட்டியது போல் நின்றன. பழைய டிவியில்கூட அது இப்படி இருந்ததில்லை. அம்மா பிலோமினம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "பர்பி துண்டு போட்ட மாதிரி இருக்குடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சூசைநாதன் முன்னைவிட மோசமாகத் தோற்றார். இந்த முறை செல்லக்கண்ணு கிண்டல் செய்யவில்லை. பந்தை வேண்டுமென்றே தவறவிட்டான். பிரிஜட் அதைப் பார்த்தாள்.

"இன்னும் சரியாவல" என்றார் சூசைநாதன். "நடுவுல வரும்போது பந்து காணாமப் போவுது. அப்புறம் திடீர்னு பக்கத்துல வந்து நிக்குது. நடுக்கோடும் இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

"நடுக்கோடா? அது நேரா இருக்குப்பா."

"உனக்கு உன் ஃபாக்டரி டிவிய விட்டுக்குடுக்க மனசு வராது. நான் சொல்றேன், வளஞ்சிருக்கு."

பிரிஜட்டுக்கு ரோஷம் வந்தது. புதன்கிழமை வேலைக்கென்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்த, கட்டம் போடும் கைப்பெட்டி வீட்டிலேயே இருந்தது. அதை மாட்டினாள். திரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள் நின்றன. அம்மாவின் தையல் ஸ்கேலை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்துக் காட்டினாள். ஒரு கோடும் பிசகவில்லை.

"எங்க வளஞ்சிருக்கு? கையில தொட்டுக் காட்டுங்க."

சூசைநாதன் எழுந்து வந்து திரையின் நடுவில் விரலை வைத்தார். "இங்க. இந்தக் கட்டம் நாலும் உள்ள குழிஞ்சு கெடக்கு. நடுவுல சாம்பலா ஒரு அழுக்கு. தொடச்சியா நீ?"

அவள் டிவியை ஒரு முழம் இடது பக்கம் நகர்த்தினாள். "இப்ப?"

அவர் பார்த்தார். விரல் மறுபடி அதே கட்டத்துக்குப் போகவில்லை. அவர் எங்கே பார்த்தாரோ அங்கே போனது. திரையின் மூலையைப் பார்க்கச் சொன்னாள். வளைவு மூலைக்குப் போனது. ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னாள். வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் கொஞ்சம். வளைவு டிவியில் இல்லை. அவர் பார்க்கிற இடமெல்லாம் அவரோடே போனது.

பிரிஜட் ஸ்கேலைக் கீழே வைத்தாள். செல்லக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங் கெளம்புறேன் அண்ணே" என்று எழுந்தான்.

பிரிஜட் பின்னாலேயே போய் லிஃப்ட் முன்னால் அவனைப் பிடித்தாள்.

"மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"என்னா தெரியும்? போம்மா உள்ள."

"கிரேனுக்குக் கீழ நின்னு கைய காட்டுறது நீங்கதான. உங்க கைய அவரால பாக்க முடியுதா?"

லிஃப்ட் வந்தது. அவன் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு போனது.

"செகப்புக் கையுறை போட்டுக்கிறேன்" என்றான் கடைசியில். "போன வருசத்துலேந்து. மொதல்ல மஞ்ச ரெயின்கோட்டு. வெயில்ல ரெயின்கோட்டு போட்டா மத்தவனுங்க சிரிக்கிறானுங்க. செகப்பு கொஞ்சம் தெரியுதுன்னு சொன்னாரு. இல்ல, சொல்லல, நானாத்தான் கண்டுபுடிச்சேன். கைய பெருசா வீசிக் காட்டுவேன். அதெல்லாம் பழகிருச்சு."

"டாக்டர் செக்கப்புல எப்படிப் பாஸ் பண்றாரு?"

"வரிசையில முன்னால நிக்கிறவன் சுவத்து எழுத்த சத்தமா வாசிப்பாம்மா. பின்னால நிக்கிறவனுக்கு மனப்பாடம் ஆயிரும். நாங்க எல்லாருமே அப்படித்தான்." அவன் பார்வை கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனது. "போன வாரம் ஒரு இரும்புத் தகடு கீழ நின்ன காதர் மைதீன் தோள ஒரசிக்கிட்டு எறங்குச்சு. அவனும் வாயத் தொறக்கல. உங்கப்பா எங்கள எல்லாம் கப்பலோட அடித்தொட்டியிலேந்து மேல கொண்டாந்தவரு. துரு தட்டிக்கிட்டே செத்திருப்போம். எப்படிச் சொல்றது?"

"காதர் மைதீன் செத்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அவன் மறுபடி லிஃப்ட் பொத்தானை அழுத்தினான்.

பிரிஜட் திரும்பிப் போய் அப்பாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. "டிவி சரியாத்தான் இருக்கு. கண்ணுதாம்ப்பா போயிருக்கு. நீங்க இனிமே கிரேன் ஏறக் கூடாது" என்றாள்.

சூசைநாதன் கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. பதினெட்டு வயதில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தியலால் துரு தட்டிய ஆள். கந்தையை வாயில் கட்டிக்கொண்டு, ஒரு பல்பு வெளிச்சத்தில், மூக்கிலும் காதிலும் செம்பொடி அப்ப வேலை செய்த ஆள். அங்கிருந்து ஏணி ஏணியாக ஏறி, கடல் தெரிகிற கண்ணாடிக் கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கீழே இருக்கும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் இடம் அது. அதை ஒரு டிவியில் போட்ட கட்டத்தை வைத்து மகள் பிடுங்கப் பார்க்கிறாள்.

"கீழ எறங்கி என்ன செய்யச் சொல்ற? கூட்டச் சொல்றியா?"

"கூட்டுங்க. ஆள் சாகாம இருந்தாச் சரி."

"பெத்த பொண்ணு பேசுற பேச்சா இது?" என்றாள் பிலோமினம்மாள். அவள் கண்ணீர் யாருக்கென்று அவளுக்கே தெரியாது.

"நாளைக்கு வேலைக்கு ஆளேத்த லாரி வரும். நான் போவேன்" என்று சூசைநாதன் முகம் கழுவப் போய்விட்டார்.

பிரிஜட் சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். செல்லக்கண்ணு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பஸ்ஸை விட்டிருப்பான் போல.

"மாமா, நாளைக்குக் கையுறை போடாதீங்க."

"என்னம்மா சொல்ற?"

"வெறுங் கொக்கி. சரக்கு ஒண்ணும் மாட்டாதீங்க. கீழ யாரையும் நிக்க விடாதீங்க. வெறுங்கையால காட்டுங்க. அவரு பாத்தா நான் இனிமே வாயத் தொறக்கல."

அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். கயிறு இழுத்துத் தோல் செத்த கைகள்.

"அவரு என்ன மன்னிக்க மாட்டாரு."

"என்னையும்தான்" என்றாள்.

மறுநாள் காலை ஷிப்யார்டில் செல்லக்கண்ணு மற்றவர்களைக் கொட்டகைப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னான். காரணம் கேட்ட காதர் மைதீனிடம், "வாய மூடிக்கிட்டு நில்லு, உனக்காகத்தான்" என்றான். கையுறைகளைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு தளத்தின் நடுவே தனியாகப் போய் நின்றான். வலது கையைத் தூக்கி, கொக்கியை இறக்கச் சொல்லிக் காட்டினான்.

மேலே கொக்கி அசையவில்லை.

மறுபடி காட்டினான். கிரேன் ஹாரன் ஒரு தடவை கத்தியது. சிக்னல் எங்கே என்று கேட்கும் ஹாரன். அவன் கையை இன்னும் உயர்த்தினான். ஹாரன் நீளமாகக் கத்தியது. கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தலை இப்படியும் அப்படியும் சாய்ந்து தேடுவதைக் கொட்டகையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன் "காட்டுறான்லா அண்ணே, காட்டுறான்லா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹாரன் நின்றது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தமும் நின்றது. சூசைநாதன் ஏணியில் இறங்கி வந்தார். ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். அது அவர்கள் யாரும் இதுவரை கவனிக்காத ஒன்று.

"ஏண்டா சிக்னல் காட்டல?"

செல்லக்கண்ணுவின் கை இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. அதை இறக்க மறந்திருந்தான்.

"காட்டிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

சூசைநாதன் கிட்டே வந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி ஆபீஸ் பக்கம் நடந்தார். யாரும் கூடப் போகவில்லை. போகவிட்டிருக்கவும் மாட்டார்.

மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். கம்பெனி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். கண் சரியானாலும் ஆகாவிட்டாலும் கூண்டு இல்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் இடம் இருக்கிறதாம், யோசித்துச் சொல்கிறார்களாம். இதை எல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிரிஜட் அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் சோறு போட்டாள்.

"எங்கிட்டதான் சொல்லிட்டியே. அப்புறம் எதுக்கு செல்லக்கண்ணுகிட்ட போன?"

"நீங்க கேக்கலியேப்பா."

"அத்தன பேருக்கு முன்னால."

அவள் கரண்டியை எடுத்தாள். குழம்பை ஊற்றினாள். மீன் துண்டை வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். பக்கவாட்டில் திருப்பினார். விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் பிய்த்து வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"முள்ள எடுத்துட்டுக் குடு."