வராத வலிப்பு

1

இந்தக் கதை ஒரு மாத்திரை அட்டையில் தொடங்கியது. பத்தில் நான்கு மீதி. மனைவி இறந்து ஐந்து மாதமாகிறது. அட்டையை இன்னும் எறியவில்லை.

முதல் வரியாக ‘அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை’ என்று எழுதினேன். உண்மைதான். ஆனால் படித்தால், நன்றாகப் பார்த்துக்கொண்ட கணவன் போலத் தெரிகிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

அவளுக்கு மார்பிலிருந்து புற்று மூளைக்குப் பரவியிருந்தது. ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் வலிப்பு வராமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பத்தாம் நாள் டாக்டர் சொன்னார்:

“ஃபிட்ஸ் ஒரு தடவைகூட வரலை. இந்த வாரத்தோட நிறுத்திடுங்க. வராதவங்களுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பலன் இல்லை. தூக்கமும் எரிச்சலும்தான் மிச்சம்.”

“அப்பாடா, ஒண்ணு குறைஞ்சுது. கம்பவுண்டரே, காதுல விழுந்துச்சா?” என்றாள். மாத்திரை எடுத்துக் கொடுப்பதால் எனக்கு அந்தப் பெயர்.

3

[என் தொழிலை இங்கே சொல்ல வேண்டும். லிப்ட் பராமரிப்பு. பழுதாகும் முன்பே பாகத்தை மாற்றுவோம். எதுவும் நடக்காத மாதம்தான் எங்களுக்கு நல்ல மாதம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை என்று—]

நான் நிறுத்தவில்லை. பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே மருந்தை வேறு கம்பெனி மாத்திரையாக வாங்கினேன்.

“என்ன இது, புதுக் கலரு?”

“சத்து மாத்திரை.”

என் கையிலிருந்து எடுத்து விழுங்கினாள். காலை எட்டு, இரவு எட்டு.*

* எட்டு மணிக்கு இப்போதும் கை டம்ளரைத் தேடுகிறது. கதைக்கு இது தேவையில்லை.

4

அவள் அதிர்ந்து பேசாதவள். [மிகையாக நல்லவளாக்குகிறேன். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள்.] மூன்று வாரத்தில் பகலெல்லாம் தூக்கம், விழித்தால் சண்டை என்றானது. ஊட்ட வந்த தன் அம்மாவின் தட்டைத் தட்டிவிட்டாள்.

“சும்மா மூக்கைச் சிந்திக்கிட்டு! எனக்கு முன்னாடி நீ போய்ச் சேரேன்!”

அத்தை சோற்றைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனார்.

சற்றுக் கழித்து என்னிடம் கேட்டாள்: “நான் ஏன் இப்படி ஆயிட்டேன்?”

5

முடிவு ஒன்று: மாத்திரை என்று சொல்கிறேன். நிறுத்துகிறோம். இரண்டு வாரத்தில் அம்மாவோடு சீட்டாடி ஏமாற்றுகிறாள்.

முடிவு இரண்டு: நிறுத்தியும் எரிச்சல் தீரவில்லை. கட்டிதான் காரணம். நான் தப்பித்தேன்.

முடிவு மூன்று: நிறுத்திய மூன்றாம் நாள் வலிப்பு. [இதற்குத்தான் பயந்தேன்.]

நடந்தது: “நோய் அப்படித்தான் பண்ணும்” என்றேன்.

“அப்போ அம்மாவை உள்ள விடாதே. என் வாயை நம்ப முடியாது. காரணமும் சொல்லாதே, அழும்.”

இரண்டு மாதம் அத்தை கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “தூங்குறா அத்தை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வலிப்பு வரவில்லை. நல்ல மாதங்கள். பிறகு அவள் இறந்தாள்.

6

மகளின் துணிமணிகளை எடுத்துப்போக அத்தை நாளை காலை ஒன்பது மணிக்கு வருகிறார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்பார். அட்டை மேஜைமேல் இருக்கிறது.

“அவ ஏன் மாப்பிள்ளை என்னை உள்ளயே விடலை?”

“அத்தை,

இதற்குமேல் நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். வாசிக்கும் நீங்கள் எழுதுங்கள். ஒன்பதுக்குள்.