பதினோராம் வீட்டின் அபிப்பிராயம்

ஒரு தேசத்தின் மனத்தை அளப்பது இமயமலையை அளப்பதைவிடப் பெரிய காரியம். மலை வைத்த இடத்தில் இருக்கும், மனம் இருக்காது. விஞ்ஞானமும் ஜனநாயகமும் சேர்ந்து செய்யும் அந்த மகத்தான பணி, 1996 ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு உதியன்குளங்கரை ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி, அறுந்துபோன செருப்பு வாருக்கு ஒரு சேப்டி பின் கிடைக்குமா என்று தையல்கடையில் விசாரித்தது.

பணியின் பெயர் ஆதிரா. திருவனந்தபுரத்தில் எம்.ஏ. படிக்கிறவள். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. டெல்லியிலிருக்கும் ஒரு நிறுவனம், ஒரு வாரப் பத்திரிகைக்காக, இந்தியா என்ன நினைக்கிறது என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டிருந்தது. தொண்ணூறு கோடிப் பேரிடமும் கேட்க முடியாது என்பதால் சில ஆயிரம் பேரிடம் கேட்பதாக ஏற்பாடு. அந்தச் சில ஆயிரத்தில் பன்னிரண்டு பேர் பாறசாலைப் பக்கம் விழுந்தார்கள்.

வீட்டை ஆதிரா தேர்ந்தெடுக்கக் கூடாது. ரேஷன் கடையில் தொடங்கி, இடது கைப் பக்கமாக நடந்து, பதினோராம் வீட்டில் ஏற வேண்டும். பிறகு அங்கிருந்து இன்னொரு பதினொன்று. அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தாம் வீடு பொன்னுதாஸுடையது. படி ஏறாமல் கடந்து போனவளை நிறுத்தி, விஷயம் என்ன என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். தன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று ஆனதும், யாரிடம்தான் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடலாமென்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் இல்லை.

பதினோராம் வீடு வேதமணியுடையது.

வேதமணி நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரண்டு. அதே அலுவலகத்தில் பொன்னுதாஸ் ஹெட் கிளார்க். வேதமணி ஓய்வு பெற்று எழுந்தால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் பொன்னுதாஸ். அவர் 1997 மே 31 அன்று எழுவார் என்பது பொன்னுதாஸுக்குத் தன் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பிறகு தனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வருடம் என்பதும்.

வேதமணிக்குத் தேசிய விஷயங்களில் அபிப்பிராயம் உண்டு. இருபது வருடமாகச் சாயங்காலம்தோறும் ஜங்ஷன் சாயாக்கடையில் அதைச் சொல்லிவருகிறார். அந்நியக் கடன், ஹவாலா, கூட்டு மந்திரிசபை, விலைவாசி எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயார். டெல்லியிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை என்பதுதான் குறை. பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவார். அரசு ஊழியரின் ஓய்வு வயதை ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு நாள்கூட உயர்த்தக் கூடாது, வேலையில்லாத இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று அவர் எழுதிய கடிதம் முந்தைய வருடம் அச்சாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, முன்னறைச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே தொங்கியது.

வந்தவள் யார் என்று தெரிந்ததும் வேதமணி உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆதிராவுக்கு நாற்காலி போட்டார். பொன்னுதாஸ் தானே ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டார். ஆதிரா ஒரு தாளை எடுத்து, வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பிறந்த தேதியும் மாதமும் என்ன என்று கேட்டாள். இரண்டு பேர்தான், மகள் ஜீனா கல்யாணமாகி பெங்களூரில். தன் தேதி மே 25 என்று வேதமணி சொன்னார். நாற்பது வருடமாக எல்லாப் படிவங்களிலும் எழுதிவந்த வேகத்தில் அது வந்து விழுந்தது. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருந்த சுகிர்தபாய், தன்னுடையது ஏப்ரல் 28 என்று குரல் கொடுத்தாள். வேதமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, மத்தியில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று ஆரம்பித்தார்.

பத்து நிமிடம் பேசினார். ஆதிரா பேனாவைத் திறக்கவில்லை. இதை யாராவது எழுதுகிறார்களா என்று அவர் கேட்டபோதுதான் அவள் தயங்கித் தயங்கி விளக்கினாள். வீட்டில் யாருக்கு அடுத்து பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வீட்டிலும் முன்னறையில் இருக்கிறவர்தான் பதில் சொல்வார். அப்போது இந்தியா என்ன நினைக்கிறது என்று தெரியாது, இந்தியாவின் முன்னறை என்ன நினைக்கிறது என்றுதான் தெரியும். இந்த வீட்டில் விழுந்தது அடுக்களையில் இருக்கும் அம்மாவின் பெயர்.

"அவளுக்கு என்ன மக்கா தெரியும்?" என்றார் வேதமணி. "லோக்சபாவில எத்ர சீட்டு உண்டுண்ணு கேட்டுப் பாரு."

"தெரியாதுண்ணு சொன்னா அதையும் எழுதலாம் சாரே. அதுக்குத் தனியா ஒரு கட்டம் உண்டு."

வேதமணி தெரியாது என்று சொல்வதற்கான கட்டத்தை எட்டிப் பார்த்தார். இருபது வருடத் தயாரிப்பு, அடுக்களையிலிருந்து வரப்போகும் ஒரு தெரியாதுக்காகத் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. பொன்னுதாஸ் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நாளிதழ் லேசாகக் குலுங்கியது. அதுதான் வேதமணியைப் பேச வைத்தது என்று பிற்பாடு நினைக்க இடமிருக்கிறது.

"மே இருவத்தஞ்சு ஸ்கூல்ல எழுதினது ஆக்கும். எனக்க சரியான பிறந்தநாள் அது இல்ல."

அந்தப் பக்கத்தில் இது பெரிய ரகசியம் ஒன்றும் அல்ல. ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஆகவே ஐந்து முடியாத பிள்ளைக்கும் ஏழு வயதைத் தொட்ட பிள்ளைக்கும் வாத்தியார் ஒரே பேனாவால் மே மாதத்தை எழுதிவிடுவார். அப்படியாக அரசு ஊழியர்களில் பெரும்பாலோர் மே மாதத்தில் பிறந்தார்கள். மே 31 அன்று எல்லாரும் சேர்ந்து ஓய்வு பெறுவார்கள். அன்றைக்கு நெய்யாற்றின்கரையில் பூமாலை கிடைக்காது. சுகிர்தபாயின் தேதி மட்டும் சரியாக இருந்ததற்குக் காரணம், அவளைச் சேர்த்த வாத்தியார் அவளுடைய அப்பாவேதான். பெண் பிள்ளைக்கு எதற்குப் பொய்த் தேதி என்று உள்ளதை எழுதிவிட்டார்.

ஆதிராவுக்கு வேறு கவலை. எழுதியதை வெட்டித் திருத்தினால் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். தங்களைச் சேர்க்கச் சொல்லி வீட்டுக்காரர்கள் தேதியை மாற்றிச் சொல்வார்கள், ஏமாறாதே என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். ஏதாவது ரிக்கார்டு இருந்தால் நல்லது என்றாள்.

ரிக்கார்டு என்ற சொல் வேதமணியின் உடம்பில் எங்கோ நேராகப் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய், கறுப்புத் தோல் அட்டை போட்ட குடும்ப வேதப்புத்தகத்தோடு வந்தார். அவருடைய அப்பா ஈசாக் உபதேசியார், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவிலுள்ள வெற்றுத்தாளில் குடும்பத்துப் பிறப்பு இறப்புகளை எழுதிவைத்திருந்தார். உபதேசியார் பொய் எழுதமாட்டார், அதிலும் வேதப்புத்தகத்தில் எழுதமாட்டார் என்று வேதமணி முன்னுரை சொன்னார். பிறகு ஆதிராவின் முன்னால் பக்கத்தை விரித்து, விரலால் தொட்டு, உரக்க வாசித்தார்.

"மேட மாதம் ரெண்டாம் தேதி, கர்த்தருடைய கிருபையால் மகன் வேதமணி பிறந்தான்."

நாளை விஷு, மலையாள மேட மாதத்தின் முதல் நாள். மேடம் இரண்டு என்றால் நாளை மறுநாள், திங்கட்கிழமை. சுகிர்தபாயின் ஏப்ரல் 28 தோற்றுப்போனது. ஆதிராவுக்கும் நிம்மதி, பழைய தேதியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதை எழுதி, சிறு கையெழுத்தும் வைத்தாள். வேதமணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த கட்டம் வயது. ஐம்பத்துமூன்று என்றார். ஆதிரா அதை எழுதப் போனவள், ரிக்கார்டு பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு தடவை ஒத்துப் பார்த்தாள். வரியின் தொடக்கத்தில், வேதமணி வாசிக்காமல் விட்ட இடத்தில், கொல்லம் ஆண்டு 1115 என்று இருந்தது.

"இது எந்த வருஷம் சாரே? கொல்ல வருஷம் எனக்கு அத்ர பிடியில்ல."

வேதமணி அந்தப் பக்கத்தில் இதுவரை நாளைத்தான் பார்த்திருந்தார். இப்போது வருடத்தையும் பார்த்தார்.

பொன்னுதாஸ் நாளிதழை மடித்தார். ஸ்டூலோடு சற்று முன்னால் நகர்ந்தார்.

"எண்ணூத்தி இருவத்தஞ்சு கூட்டணும் மோளே," என்றார். "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி நாப்பது. சாருக்குத் திங்களாழ்ச்சை அம்பத்தாறு வயசு திகையுது."

சொல்லிவிட்டு அவர் கடிகாரத்துக்குக் கீழே தொங்கிய கண்ணாடிச் சட்டத்தை வாசிக்கத் தொடங்கினார். ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு நாள்கூட என்ற வரியை அவர் இதற்கு முன் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. சர்வீஸ் புத்தகத்தில் 1942 என்று இருந்தது. உபதேசியார் சொல்வதுதான் சரி என்றால், வேதமணி போன வருடம் ஏப்ரலோடு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். பெயரில்லாத ஒரு மனு போதும். மேலேயிருந்து ஆள் வந்து இந்த வேதப்புத்தகத்தைக் கேட்டால் வேதமணிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. இது அறையில் இருந்த இரண்டு ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

வேதமணி வேதப்புத்தகத்தை மெல்ல மூடினார்.

"அது எனக்க அண்ணன்," என்றார்.

ஆதிரா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கும் வேதமணிண்ணுதான் பேரா?" என்று பொன்னுதாஸ் கேட்டார்.

"அவன் சின்னதிலயே செத்துப்போனான். பொறவு பிறந்த எனக்கு அந்தப் பேரையே இட்டாங்க."

"பாவம். சார் ஒருக்கலும் சொன்னதில்ல."

அடுக்களை வாசலில் சுகிர்தபாய் கத்தியோடு வந்து நின்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில், கணவனுக்கு ஓர் அண்ணன் இருந்ததாக அவள் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறாள்.

"அப்பம் திங்களாழ்ச்சை பாயசம் வேண்டாமா?"

வேண்டாம் என்று வேதமணி சொன்னார். ஆதிரா புதிய தேதியையும் ஒரு கோடு போட்டு அடித்து, மே 25-ஐ மறுபடி எழுதி, குறிப்புப் பகுதியில் 'அண்ணன், மரணம்' என்று சேர்த்துக்கொண்டாள். அதன்படி பதினோராம் வீட்டின் அபிப்பிராயம் மீண்டும் சுகிர்தபாயிடம் போய்ச் சேர்ந்தது. பதில் சொல்லும்போது வேறு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதும் விதி.

ஆண்கள் இரண்டு பேரும் வெளியே ஆஞ்சிலி மரத்தடியில் நின்றார்கள். பொன்னுதாஸ் துக்கம் விசாரித்தார். என்ன நோவு என்று கேட்டார். காய்ச்சல் என்றார் வேதமணி. எங்கே அடக்கம் என்று கேட்டார். பழைய சபைக் கல்லறையில், கல் இப்போது இல்லை என்றார். நடக்கிற வயதா என்று கேட்டார். நடக்கிற வயது, அப்பா ஜெபம் பண்ணும்போது கையைக் கூப்பி உட்காருவானாம் என்று வேதமணி சொன்னார். அப்படியானால் இரண்டு வயதுக்கு மேல் போயிருக்காது, சார் பிறந்தது நாற்பத்திரண்டு மே ஆச்சே என்று பொன்னுதாஸ் கணக்குப் பார்த்துச் சொன்னார். வேதமணி ஒத்துக்கொண்டார். கால் மணி நேரத்துக்குள் அண்ணனுக்கு நடையும் சுருட்டைத் தலைமுடியும் வந்துவிட்டன. கடைசியில் வேதமணியின் குரல் கொஞ்சம் கம்மிக்கூடப் போயிற்று.

உள்ளே இருபத்துமூன்று கேள்விகள். சுகிர்தபாய் ஒன்றுக்கும் தெரியாது என்று சொல்லவில்லை. அடுத்த ஆட்சி ஐந்து வருடம் நிற்காது என்றாள். நாட்டின் பெரிய பிரச்சினை எது என்ற கேள்விக்கு, கொடுத்திருந்த ஐந்தில் தண்ணீர் இல்லையே, அதைச் சேர்த்துக்கொள் என்றாள். லோக்சபாவில் எத்தனை இடம் என்பது கேள்வித்தாளில் இல்லை. கடைசிக் கேள்வி மட்டும் ஜன்னல் வழியாக மரத்தடிவரை கேட்டது: அரசு ஊழியரின் ஓய்வு வயதை உயர்த்தலாமா, குறைக்கலாமா?

"ஏற்றவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் மோளே," என்றாள் சுகிர்தபாய். "உள்ளதை ஒழுங்கா வெச்சா போதும்."

தாளில் உயர்த்தலாம், குறைக்கலாம், கருத்து இல்லை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ஆதிரா மூன்றாவதில் டிக் அடித்தாள். பிறகு செருப்பில் சேப்டி பின் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பதினோராம் வீட்டை எண்ணப் போனாள்.

பத்திரிகை வந்தபோது, ஓய்வு வயதைப் பற்றி ஒன்பது சதவீதம் பேருக்குக் கருத்தே இல்லை என்று அதில் போட்டிருந்தது. வேதமணி அதைச் சாயாக்கடையில் வாசித்து, ஒரு கருத்தும் இல்லாத ஜனங்களை வைத்துக்கொண்டு ஜனநாயகம் எப்படி நடக்கும் என்று கேட்டார். பொன்னுதாஸ் மனு எழுதவில்லை. எழுதலாமா என்று ஒரு மாதம் யோசித்தார். அவருடைய பிறந்தநாளும் மே மாதம்தான். அவருடைய வீட்டிலும் ஒரு வேதப்புத்தகம் இருந்தது.

1997 மே 31 அன்று வேதமணி ஓய்வு பெற்றார். பிரிவுபசாரக் கூட்டத்தில் மாலைக்குப் பதில் சால்வை போட்டார்கள். அடுத்த சூப்பரண்டு என்ற முறையில் பொன்னுதாஸ் பேசினார். சாருடைய நேரந்தவறாமையைப் பாராட்டினார். பிறகு, இந்தச் சந்தோஷமான நேரத்தில் சாருடைய காலஞ்சென்ற அண்ணனை மறக்கக் கூடாது என்றும், அவர் உயிரோடிருந்து அரசு வேலைக்கும் வந்திருந்தால் இரண்டு வருடம் முன்னாலேயே ஓய்வு பெற்றிருப்பார் என்றும் சொல்லி, அந்த ஆத்மாவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்கும்படி சபையைக் கேட்டுக்கொண்டார்.

எல்லாரும் எழுந்தார்கள். வேதமணியும் எழுந்து நின்றார்.