நான்கு தலைவர்கள், ஒரு முட்டைப் பெட்டி

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலகாரணம் என் வாய்க்கொழுப்பு. பதினோரு வருடமாக ஒரு வார இதழில், படிப்பு முடித்து வேலை தேடுகிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் எதை முதலில் எழுதுவது, நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது, தொழிலில் நல்ல பெயரை எப்படிச் சம்பாதிப்பது, இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. (நான் கடைசியாக ஒரு வேலைக்கு விண்ணப்பித்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. இதழில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

ஒரு வாரம் எழுதச் சரக்கு இல்லை. பக்கம் நிரம்ப வேண்டுமே! இப்படி எழுதிவிட்டேன்: 'குழுவாகச் செய்த வேலையா? கூச்சப்படாதீர்கள். தலைமை தாங்கினேன் என்று தைரியமாக எழுதுங்கள். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?'

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'வணக்கம் அம்மா. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கருவி செய்தோம். உங்கள் யோசனையைப் படித்து நான்கு பேரும் தலைவர் ஆனோம். ஒரே நிறுவனத்தில், ஒரே நாளில், ஒரே மேஜையில். மிக்க நன்றி.' அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, முகவரி இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லவில்லை. ஆனால் வெட்கத்துக்கு முன்னாலேயே உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு ஓடிவிட்டது. அடடா, நாலு தலைவர்கள், ஒரு மேஜை! அந்த வார யோசனையை ஓரமாகத் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: 'அன்று காலை வானம் மேகமூட்டமாக' (வேண்டாம். வேலை தேடுகிறவளுக்கு வானத்தைப் பார்க்க நேரம் ஏது?)

தொடக்கம் இரண்டு: 'இன்றைய சமூகத்தில் வேலையின்மை என்பது' (ஐயோ, என் பழைய கட்டுரை வாடை அடிக்கிறது.)

தொடக்கம் மூன்று: அண்ணி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இது நிற்கட்டும். சட்டைக்குச் சொந்தக்காரியை வகுப்பில் எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பையில் எந்நேரமும் மின்கம்பித் துண்டு வைத்திருப்பாள். படிப்பு முடிந்து எட்டு மாதம். அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. காலையில் அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் பாயைச் சுருட்டிவிட வேண்டும். நாற்பத்தொரு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அண்ணி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று கம்பிக்குத் தோன்றும். கேட்காத அண்ணி காலரை இரண்டாவது முறையாகத் தேய்த்துக் கொடுத்தபோது அவள் சட்டையை வாங்கிக்கொண்டு சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

"போயிட்டு வா. பதட்டப்படாத," என்றாள் அண்ணி.

"பதட்டம்லாம் இல்ல அண்ணி."

"செருப்ப மாத்திப் போட்டிருக்க பாரு."

3

நிறுவனம் முட்டைகளைத் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் இயந்திரங்களைச் செய்வது. கம்பியும் மூன்று தோழர்களும் கடைசி வருடத்தில் செய்ததோ, வெளிச்சம் பாய்ச்சி முட்டையில் விரிசல் கண்டுபிடிக்கும் பெட்டி. இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? இதே கேள்வி மற்ற மூன்று பேருக்கும் வந்திருக்கும் என்பது மட்டும் அவள் மண்டைக்கு எட்டவில்லை. வரவேற்பறைக் கதவைத் திறந்தால் உள்ளே வரிசையாக ஒல்லி, வாயாடி, தூங்குமூஞ்சி!

"நீயுமா!" என்று வாயாடி எழுந்தே விட்டாள்.

ஒரு நிமிடம் ஒரே கும்மாளம். அப்புறம் ஒல்லி மெதுவாகக் கேட்டான். "ஏய், விண்ணப்பத்துல முட்டைப் பெட்டி பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

யாரும் வாய் திறக்கவில்லை. வாயாடிகூட.

"நானும் அதேதான்," என்றான் தூங்குமூஞ்சி.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் உறைத்தது: 'தலைமை தாங்கினேன்' என்ற அந்த வரி என்னுடையது. இருப்பதோ ஒரே ஒரு வேலை. அது கிடைக்காவிட்டால் கம்பி திரும்பவும் அந்தப் பாயைச் சுருட்ட வேண்டும். பொய் அம்பலமானால் நான்கு பேருக்கும் இந்தத் தொழிலில் பெயர் கெட்டுவிடும். சிரித்த வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.)

4

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பேசி முடித்தவர்கள் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்டதால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. கம்பி கடைசி.

கேள்வி கேட்டவர் இயந்திரப் பிரிவின் தலைவி. கோட்டுக் கையில் எண்ணெய்க் கறை, தலைமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. மேஜையில் நான்கு விண்ணப்பங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான்கிலும் ஒரே வரியின் கீழ் சிவப்புக் கோடு.

"வாங்க, நாலாவது தலைவரே."

கம்பிக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது.

"இத அப்புறம் பேசலாம்," என்றார் தலைவி. "உங்க வாத்தியாருக்கு போன் பண்ணேன். கண்காட்சிக்கு முதல் நாள் உங்க பெட்டியோட சர்க்யூட் போர்டு எரிஞ்சுபோச்சாமே. எரிச்சது யாரு?"

இங்கேதான் எனக்கும் கம்பிக்கும் தகராறு. எரித்தது கம்பிதான். அன்று புகை வந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாத்தியார் விசாரிக்க வந்தபோது மற்ற மூவரும் வாயைத் திறக்கவே இல்லை. இப்போது இதைச் சொன்னால் வேலை போச்சு. முட்டை இயந்திரம் செய்கிறவர்கள் போர்டு எரிக்கிறவளைச் சேர்த்துக்கொள்வார்களா? எனக்கு இவளைப் பிடித்துவிட்டது. காப்பாற்றப் பார்த்தேன்.

முதல் முயற்சி: "சரியா ஞாபகம் இல்ல மேடம்," என்றாள் கம்பி. (அவள் முகத்துக்கு இது ஒட்டவில்லை.)

இரண்டாம் முயற்சி: "ஒல்லின்னு நினைக்கிறேன்," என்று கம்பி (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. எழுதிய பாதியை அப்படியே விடுகிறேன், என் லட்சணம் தெரியட்டும்.)

மூன்றாம் முயற்சியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தான் மேடம்," என்றாள் கம்பி.

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.*

* ஆள் எடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "இண்டர்வியூல யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்கக்கா." அடுத்த பத்தியைப் படித்த பிறகு, "சரி, சிரிக்கலாம்," என்றாள்.

5

"நாலாவது ஆளு!" என்றார் தலைவி. "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இதே நாற்காலியில உக்காந்து 'நான்தான் எரிச்சேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஒல்லியா ஒருத்தர், மழைத் தண்ணி பட்டுச்சுன்னாரு. பேசிக்கிட்டே இருந்த பொண்ணு, முட்டை வழிஞ்சு உள்ள போச்சுன்னுது. இன்னொருத்தர், தூக்கக் கலக்கத்துல கை பட்டுடுச்சுன்னாரு. அது மட்டும் கொஞ்சம் நம்புற மாதிரி இருந்துச்சு."

தலைவர் நாற்காலிக்கு முட்டி மோதிய அதே மூன்று பேர்! ஆளுக்கு ஒரு வேலை வேண்டும். வாயாடி வீட்டில் அப்பாவுக்கு வேலை நின்று ஒரு வருடம். அப்படி இருந்தும், ஒருத்தர் விடாமல் கம்பியின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். மடையர்கள், மடையர்கள் என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"இல்ல மேடம், சத்தியமா நான்தான்!"

"அந்த சத்தியத்தையும் மூணு தடவ கேட்டுட்டேன்."

"அவங்க பொய் சொல்றாங்க மேடம்!"

"தலைவர்னு எழுதினதும் பொய்தான். இதுல எதை நம்புறது?"

கம்பி மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்தாள். கேட்டு எடுக்கவில்லை. (என் பழைய யோசனைகளில் எட்டாவது: அனுமதி இல்லாமல் மேஜைப் பொருளைத் தொடாதீர்கள். நாசமாய்ப் போக.) தன் விண்ணப்பத்தையே திருப்பிப்போட்டு, பின்பக்கம் வரைய ஆரம்பித்தாள்.

"இது விளக்கோட அடாப்டர், பன்னண்டு வோல்ட். இது போர்டோடது, அஞ்சு வோல்ட். ரெண்டுக்கும் முனை ஒரே மாதிரி இருக்கும். அடையாளத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். முதல் நாள் நான் அத உரிச்சுட்டேன். மாத்திச் சொருகினதும் நான்தான்."

"ஏன் உரிச்சீங்க?"

"அசிங்கமா இருந்துச்சு மேடம். கண்காட்சிக்குப் பெரிய ஆளுங்கள்லாம் வருவாங்களேன்னு..." குரல் உள்ளே போய்விட்டது. "ஸ்டிக்கர் விஷயம் அவங்க மூணு பேருக்குமே தெரியாது. நான் சொருகினதும் புகை வந்தது மட்டும்தான் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாரும் கத்தினோம். தூங்குமூஞ்சி ராத்திரியோட ராத்திரியா புது போர்டுக்கு ப்ரோக்ராம் எல்லாத்தையும் திரும்ப எழுதினான். ஒல்லி கேமராவ மாட்டினான். வாயாடி கோழிப்பண்ணைக்குப் போய்ப் பேசியே இன்னும் நூறு முட்டை வாங்கிட்டு வந்தா. கம்பியெல்லாம் நான் ஈயம் உருக்கி ஒட்ட வெச்சேன். தலைவர்னு யாரும் இல்ல மேடம். இருந்திருந்தா இவ்வளவு சத்தம் வந்திருக்காது."

தலைவி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் வைத்து ஏதோ கேட்டார், கம்பி சொன்னாள். நம்பிவிட்டார் என்பது அவர் தலையாட்டியதில் தெரிந்தது.

"இருக்கறது ஒரு இடம்தான்மா," என்றார்.

"தெரியும் மேடம்."

"வெளியில இருங்க. கூப்பிடுறேன்."

கம்பி பின்வாசலைத் திறந்தாள். மூன்று பேரும் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவள் முதலில் ஒல்லியின் முதுகில் ஒரு அறை விட்டாள், பிறகு வாயாடியைக் கட்டிக்கொண்டாள். "அறிவிருக்கா உங்களுக்கு? மழைத் தண்ணியாம்! அன்னிக்கு மழையே பெய்யலடா!"

6

முடிவு எழுதினேன். மூன்று. கம்பிக்கு வேலை கிடைக்கிறது. (உண்மை பேசியதற்கு உடனடிப் பரிசு, என் பழைய பக்கத்தில் போடலாம்.) கிடைக்கவில்லை. (அண்ணி வாசலில் நிற்பதை எழுத மனம் வரவில்லை.) நான்கு பேரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். (தங்கை இங்கே காகிதத்தை என்மேல் விட்டெறிந்தாள்.) மூன்றையும் கிழித்துவிட்டேன்.

தலைவி இப்போது தனியாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் நான்கு தாள்கள். ஒரு பொய் சொல்லி, ஒரு உண்மையும் சொன்னவள் ஒருத்தி. ஒரு பொய்யைத் தனக்காகவும் இன்னொரு பொய்யைத் தோழிக்காகவும் சொன்னவர்கள் மூன்று பேர். இவர்களில் யாரை நம்பி இயந்திரத்தை ஒப்படைப்பது? பதினோரு வருடம் ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவள் நான். இந்த ஒன்றுக்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே எழுந்துகொள்கிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சிவப்புப் பேனா வலது பக்கம் இருக்கிறது. வெளியே நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது கேட்கிறதா? இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. யாரைக் கூப்பிடுகிறீர்கள்?