டப்ளின் ராசாவின் வரவுப் பாட்டு

என் அண்ணன் அருமைராசா பதினாறு வருடமாக ராசா. லாசாலில் எங்கள் தேவாலய மண்டபத்தில் எந்தக் கூத்துப் போட்டாலும் ராச முடி அவர் தலையில்தான் இருக்கும். மற்ற நாட்களில் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். அப்படிப்பட்ட மனிதர், கூத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது குப்பை வாளியை வெளியே வைக்கப் போய், படியில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். "பனி உருக உப்புப் போடுங்கோ, உப்புப் போடுங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனான்," என்று அண்ணி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ராச உடுப்பை அவருடைய வயிற்று அளவுக்குத் தைத்து, கடைசி மணியும் கோத்து முடித்தது அதற்கு முதல் நாள்தான்.

இந்த முறை கூத்தும் வழக்கமான கூத்து இல்லை. எங்கள் தேவாலயப் பங்கில் பாதிப் பேர் ஐரிஷ் வழி வந்தவர்கள். எங்கள் பாதிரியார், பங்குச் சுவாமியும் அந்த வழிதான். மார்ச்சில் புனித பத்திரிசியார் திருநாளை இரண்டு பகுதியும் சேர்ந்து கொண்டாடுவோம், உங்கள் கூத்தில் எங்கள் நாட்டுக் கதை ஒன்றைப் போடுங்கள் என்று சுவாமி கேட்டார். கூத்தைப் பழக்கி மேடையேற்றும் அண்ணாவியார் பேரின்பநாதன் உடனே தலையை ஆட்டிவிட்டார். வீட்டுக்குப் போன பிறகுதான், தனக்கு ஐரிஷ் கதை ஒன்றுமே தெரியாது என்பது மனிதருக்கு நினைவு வந்திருக்கிறது.

கதையைக் கொண்டுவந்தவள் கயல். சென்னைப் பிள்ளை. கோட்-டெ-நெய்ஜில் அறை எடுத்திருந்து, பல்கலைக்கழகத்தில் பழைய ஐரோப்பிய சரித்திரம் ஆராய்கிறாள். நான் அங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. ஒரே பஸ்ஸுக்குக் காத்து நின்று பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், "ஆன்ட்டி, என்கிட்ட ஒரு ராஜா இருக்கார்," என்றாள், ஏதோ ஃபிரிட்ஜில் மீன் குழம்பு இருக்கிறது என்கிற மாதிரி.

அவளுடைய ராசாவின் பெயர் ஓலாஃப் குவாரான். ஆயிரம் வருடத்துக்கு முன் டப்ளினை ஆண்டவன். வம்சம் வைக்கிங், மண் ஐரிஷ். டப்ளினிலும் இங்கிலாந்தில் யோர்க்கிலும் முடி சூடி, துரத்தப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, திரும்பி வந்து, கடைசியில் தாராப் போரில் மகனையும் பறிகொடுத்துத் தோற்று, முடியைக் கழற்றி வைத்துவிட்டு அயோனாத் தீவு மடத்தில் தவமிருந்து செத்தவன். இதைக் கேட்ட அண்ணாவியாருக்கு வாயெல்லாம் பல்.

"போர் இருக்கு, ஞானஸ்நானம் இருக்கு, துறவறமும் இருக்கு. கூத்துக்கெண்டே பிறந்திருக்கிறான் பிள்ளை! அது சரி, குவாரான் எண்டது என்ன, தகப்பன்ர பேரோ?"

"இல்ல அங்கிள், பட்டப்பேர். செருப்பு மாதிரி ஒண்ணு."

"செருப்பு ராசாவோ?" அண்ணாவியார் தாடையைச் சொறிந்தார். "பரவாயில்லை. எங்கட ஊரிலை இதைவிட மோசமான பட்டமெல்லாம் இருந்தது."

இப்படிக் கதை கிடைத்து, பாட்டுக் கட்டி, பழகி வரும்போதுதான் அண்ணனின் கால் முறிந்தது. மூன்று கிழமைக்குள் முழுப் பாட்டையும் பாட ஒருவன்தான் இருந்தான், என் மகன் றெக்ஸ். இருபத்தாறு வயது. மாமனோடு துறைமுகத்தில்தான் வேலை. கதைக்கும்போது பாதி பிரெஞ்சு, கால்வாசி இங்கிலிஷ், மிச்சம் தமிழ். பாடத் தொடங்கினால் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாது. எட்டு வருடமாக ஈட்டிக்காரனாக மேடை ஓரத்தில் நின்று நின்று, எல்லோருடைய பாட்டும் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அவன் ஏன் எட்டு வருடம் ஈட்டியோடு நின்றான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூத்துத் தொடங்குமுன் அண்ணாவியார் திரைக்கு முன்னால் வந்து, "இன்ன வேடத்தில் வருபவர், இன்னாரின் மகன் இன்னார்" என்று ஒவ்வொருவராக அறிவிப்பார். ராசா, மந்திரி, தளபதிக்குத்தான் அந்த மரியாதை. ஈட்டிக்காரருக்கு அறிவிப்பு இல்லை. றெக்ஸுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, ரொறொன்ரோவில் வேலை பார்க்கப் போகிறேன் என்று போன அவனுடைய தகப்பன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான், நல்ல மனதோடு, பிள்ளையை அறிவிப்பு வராத இடமாகப் பார்த்து நிறுத்திவைத்தார்கள். யாரும் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்த மனிதரில் எனக்கிருந்த கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இந்த நல்ல மனதுக்காரர்களில் இருந்த கோபம்தான் தீரவில்லை.

றெக்ஸ்தான் ராசா என்று முடிவான அன்று, அண்ணாவியார் நான் உடுப்பைச் சுருக்கித் தைத்துக்கொண்டிருந்த அறைக்கு வந்தார். வந்தவர் நூல்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"அக்னெஸ், பெடியன் கெட்டிக்காரன். அதிலை கதையில்லை. அறிவிக்கேக்கை மட்டும்... சபையிலை பலதும் பத்தும் கதைப்பினம். அருமைராசாவின்ர மகன் எண்டு சொல்லுவமே? மாமன்தானே. வளர்த்ததும் அவர்தானே."

வளர்த்தது நான். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்த நான், வாயில் இருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "உங்கட விருப்பம்," என்றேன். எங்கே மறுத்தால் முடியைத் திரும்பப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் ஒத்திகை. எங்கள் கூத்தில் ராசா முதன்முதல் சபைக்கு வரும்போது வரவுப் பாட்டில் தன் குலத்தைச் சொல்ல வேண்டும். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறை சொன்னால்தான் ராசா. அண்ணாவியார் பூட்டன் ஈவார், தகப்பன் சிட்ரிக் என்று பாட்டுக் கட்டிவிட்டு, பாட்டனுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

"பிள்ளை, சிட்ரிக்கின்ர தகப்பன்ர பேர் என்ன?"

"தெரியாது அங்கிள்," என்றாள் கயல்.

"பேந்து பாத்துச் சொல்லன்."

"பாத்தாலும் கிடைக்காது. அந்தக் காலத்துத் துறவிங்க வருஷா வருஷம் குறிப்பு எழுதி வெச்சிருக்காங்க. அதுல சிட்ரிக்கை 'ஈவாரோட பேரன்'னு மட்டும்தான் சொல்றாங்க. அவரோட அப்பா பேரை யாருமே எழுதல. நடுவுல ஒரு தலைமுறை காலி."

"பாட்டன் பேர் இல்லாமல் ராசா என்னெண்டு சபைக்கு வாறது? ஒரு பேரைப் போட்டு விடு. சூசை எண்டு போடன்."

"அங்கிள், அவங்க வைக்கிங்! சூசைன்னு எப்படி?"

"ஆர் வந்து கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன்!" கயல் கையில் இருந்த தாளை மேசையில் போட்டாள். பூனை மாதிரி இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அவளை இன்னும் பிடித்துப்போனது. "இல்லாத பேரை எழுதினா அது பொய். தெரியலைன்னா தெரியலைன்னு பாடட்டும்."

"சபைக்கு வாற ராசா, எனக்குத் தெரியாது எண்டு பாடுறதோ? நல்ல கூத்து!"

மத்தளத்துக்குப் பக்கத்தில் முடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற றெக்ஸ் மெல்லக் கேட்டான். "கயல், ஏன் அந்தப் பேரை எழுதேல்லை?"

"உறுதியா தெரியாது. சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, நடுவுல இருந்தது ஈவாரோட மகனா இல்லாம மகளா இருக்கலாம்னு. பெரிய ராஜாவோட ரத்தம் அம்மா வழியா வந்திருந்தா, அப்பா யாருன்னு சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இதுவும் ஊகம்தான்."

"அப்ப சனம் அவையளை ராசா இல்லையெண்டு சொல்லேல்லையோ?"

"யாரும் சொல்லல. டப்ளினையும் யோர்க்கையும் ஆண்டுட்டுப் போனாங்க."

றெக்ஸ் முடியை ஒரு தரம் கையில் திருப்பினான். பிறகு, "அண்ணாவியார், நான் தெரியாது எண்டே பாடுறன்," என்றான். அண்ணாவியார் பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து, அங்கேயே நான்கு வரி கட்டிக் கொடுத்தார். மனிதர் முணுமுணுத்தாலும் பாட்டுக் கட்டுவதில் சூரன்.

சிட்ரிக் ராசன் பெற்ற மைந்தன்
டப்ளின் ஆளும் வேந்தன் வந்தேன்
ஈவார் ராசன் பேரன் சிட்ரிக் - அவனை
ஈன்றவர் பேர் ஏடுகள் சொல்லா

திரும்பி வரும்போது காரில் றெக்ஸ்தான் தொடங்கினான். "அம்மா, அறிவிக்கிற லிஸ்ட் பாத்தனான். என்னை மாமாவின்ர மகன் எண்டு போட்டிருக்கு."

"அண்ணாவியார்தான்..."

"தெரியும். நீங்களும் ஓம் எண்டு சொன்னீங்களாம். பரவாயில்லை அம்மா. எனக்கு ராசாவா வந்தால் போதும்."

அந்தப் பரவாயில்லையை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கத்தியிருந்தால், ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை பிடித்திருந்தால், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தேன்.

திருநாள் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். ஒரு பக்கம் ஐரிஷ்காரரின் பச்சைத் தொப்பிகள், மறு பக்கம் எங்கள் சேலைகள். நடுவில் சுவாமி பச்சைத் தொப்பியோடும் கழுத்தில் யாரோ போட்ட பூமாலையோடும் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அண்ணன் முன் வரிசையில் கட்டுப்போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தான் விழுந்த கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் படியின் உயரம் கூடியது.

நான் திரைக்குப் பக்கத்தில் ஊசியும் நூலுமாக நின்றேன். உள்ளே றெக்ஸ் முடியோடும் பதக்கத்தோடும், கம்பளிக் காலுறைக்கு மேல் தோல் செருப்போடும் தயாராக நின்றான். கயல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உதடு அசைய வரவுப் பாட்டைத் தனக்குள் பாடினாள். அண்ணாவியார் கண்ணாடியை மாட்டி, மைக்கைத் தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் வணக்கம், பொன்ஜூர். முதலாவதாக, டப்ளின் நகரை ஆளும் ஓலாஃப் ராசாவாக வருபவர், திரு. அருமைராசாவின்..."

"என்ர மகன்!"

கத்தியது நான்தான். யோசித்துக் கத்தவில்லை. இருபத்து மூன்று வருடத்துச் சத்தம் அது, மைக்கே இல்லாமல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. தமிழ் தெரியாத பச்சைத் தொப்பிக்காரர் இதுவும் கூத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நான் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "அண்ணாவியார், என்ர மகன். அக்னெஸின்ர மகன் றெக்ஸ். வடிவா எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம்தான். அவர் ஊன்றுகோலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அவள் சொன்னதைச் சொல்லும் அண்ணாவியார்! அவளுக்குப் பிறந்த பிள்ளையை நான் எப்ப பெத்தனான்?"

சபை கொல்லென்று சிரித்தது. அண்ணாவியாரின் காது இரண்டும் சிவந்துபோயின. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் மைக்கை நிமிர்த்தினார். "ஓலாஃப் ராசாவாக வருபவர், அக்னெஸின் மகன் றெக்ஸ்." கைதட்டு அடங்கச் சற்று நேரம் எடுத்தது. அவர் அவசரமாக அடுத்த வரிக்குப் போனார். "எதிரி அரசனாக வருபவர், திரு. பாக்கியநாதனின் மகன் ஆரூரன்."

"என்ரயும்தான்!" நாலாம் வரிசையில் ஆரூரனின் தாய் ஜெசிந்தா எழும்பி நின்றாள். "பத்து மாசம் ஆர் சுமந்தது? இவரோ?" பக்கத்தில் இருந்த பாக்கியநாதன் கதிரையில் இன்னும் கீழே சரிந்தார்.

பிறகு நிறுத்த முடியவில்லை. மந்திரியின் தாய் எழும்பினாள், தளபதியின் தாய் எழும்பினாள். கயல் மேடை ஓரத்தில் நின்று இங்கிலிஷில் விளக்கியதும் பச்சைத் தொப்பிப் பக்கத்திலிருந்தும் இரண்டு பெண்கள் எழும்பித் தங்கள் பிள்ளைகளின் பெயரைக் கூவினார்கள். அந்தப் பிள்ளைகள் கூத்தில் இல்லவே இல்லை. அண்ணாவியார் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தாயின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதி, எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்ப வாசித்தார். ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கூத்து ஏழு மணிக்கும் தொடங்கவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கடைசிப் பெயர் அவருடையது. "மத்தளம், அண்ணாவியார் பேரின்பநாதன். சந்தியாப்பிள்ளையின் மகன்." தாளை மடித்தவர், மைக்கை விட்டுப் போகாமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய தாயின் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. முப்பது வருடமாக ஒன்றாக இருக்கிறோம், கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"மதலேனாளின் மகன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மத்தளத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

நான் திரைக்குப் பின்னால் ஓடினேன். டப்ளின் ராசா கன்னமெல்லாம் மை வழிய நின்றுகொண்டிருந்தான். "சீ, என்னடா இது, அரை மணித்தியாலம் இருந்து போட்ட மை!" என்று சேலைத் தலைப்பால் துடைக்கப் போனேன்.

"அம்மா, நான் பரவாயில்லை எண்டு சொன்னது பொய்," என்றான் றெக்ஸ்.

"தெரியுமடா," என்றேன். மத்தளம் அடிக்கத் தொடங்கியது. அவன் தலையைக் குனிந்து கொடுத்தான், நான் முடியை நேராக வைத்துவிட்டேன், அவன் நடு மேடைக்குப் போனான்.