கிருபாவின் லுக் ஆஃப்டர்

எனக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. தென்காசியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இங்கிலீஷ் சரளமாக வருகிற ஒரே நர்ஸ் என்ற தலைக்கனமும் உண்டு. வெளிநாட்டு முதியோர் இல்ல வேலைக்கான இன்டர்வியூவில் இரண்டு முறை தோற்றுவிட்டு ஜூனியர் கிருபா என்னிடம் வந்து நின்றபோது, "ஒனக்கு எதுக்குட்டி இந்த ஆசை?" என்றே கேட்டுவிட்டேன். மூன்றாவது முறையும் தோற்றால் ஏஜென்சியில் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அவளுக்கு உதைத்தது 'லுக் ஆஃப்டர்'. நோயாளியைப் பார்த்துக்கொள்வதைச் சொல்ல அந்த இரண்டு வார்த்தை வேண்டும். அவளோ ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி, 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்பாள்.

"ரெண்டுக்கும் நடுவுல ஆளை நுழைக்காத. ஆஃப்டருக்குப் பொறவுதான் ஹெர். பாலாடைய பால், ஆடைன்னு பிரிச்சா சொல்லுதோம்? லுக்காஃப்டர். எங்க, சொல்லு."

"லுக்... ஆஃப்டர்க்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாரல் நேரத்தில் ஒரு விடுமுறை நாள் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் தண்ணீருக்கடியில் நின்ற அவள் வாய் ஓயாமல் அசைந்தது. ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து அருகில் போனால், "லுக்காஃப்டர் ஹெர்! லுக்காஃப்டர் ஹிம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"வீட்ல வாயத் தொறந்தா எங்கண்ணன் சிரிக்கான்க்கா. இங்கன கத்துனா யாருக்குக் கேக்கும்?"

அதன்பிறகு ஆறு வாரம், டியூட்டி முடிந்த கையோடு தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தாள். என்னால் ஆறு நாள்கூட முடியாது. மனதுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

இன்டர்வியூ குத்துக்கல்வலசையில் என் வீட்டு லேப்டாப்பில் நடந்தது. நான் கேமராவில் படாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடத்தில் அவள் டென்ஸ் தவறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியாக, கேள்வி கேட்ட அம்மாள் தன்னை ஒரு நோயாளியின் மகளாக நினைத்துப் பேசச் சொன்னார். "என் அம்மாவுக்கு என் பெயரே மறந்துவிட்டது. உங்களிடம் விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

போச்சு என்று நினைத்தேன். கிருபா அவரை நேராகப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: "ஐ வில் லுக்காஃப்டர் ஹெர். யூ கோ அண்ட் ஸ்லீப்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்.

தூங்கப் போகச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினொரு வருட சர்வீஸில் எந்த மகளிடமும் நான் அப்படிச் சொன்னதும் இல்லை.