கடலில் கட்டிய லயம்

1

இந்தக் கதையை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல. அப்பாவைப் பற்றி நான் எப்போது கேட்டாலும், அவர் எப்படிச் சிரிப்பார், என்ன சாப்பிடுவார் என்று எதுவும் சொல்லமாட்டாள். ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறிக் கடற்கோட்டையைப் பார்க்கப் போன கதையைத்தான் சொல்வாள். "உங்கப்பா ஒன்னயப் பாத்தது அங்கதான்," என்று முடிப்பாள்.

அதை எழுதிவிட வேண்டும் என்று பல வருடங்களாக உட்காருகிறேன். தொடக்கமே வரவில்லை.

முதல் தொடக்கம்: "யாழ்ப்பாணக் குடாவின் மேற்கே, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், தண்ணீரிலிருந்து நேரே எழுந்து நிற்கிறது பறங்கியர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த ஒரு கோட்டை." இது சுற்றுலாக் கையேடு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "1973 ஆகஸ்ட் விடுமுறையில் அட்டனிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், மடியில் குழந்தையோடு, ஜன்னலோரம் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்களில்—" அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மடியில் இருந்த குழந்தை நான்தான். எனக்கு அப்போது இரண்டு வயது. தூங்கியிருப்பேன்.

மூன்றாவது: "என் அப்பாவை நான் பார்த்ததில்லை." இதை அடிக்கவில்லை. உண்மை என்பதால் அப்படியே கிடக்கட்டும்.

2

அப்பாவின் பெயர் றோலண்ட். அட்டன் டவுனில் ஓர் அச்சகத்தில் கம்பொசிட்டராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்கிற வேலை. தமிழும் கோர்ப்பார், சிங்களமும் கோர்ப்பார். அம்மா டோரீன், றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். பாடசாலையை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

அச்சகத்தில் அப்பாவோடு வேலை செய்தவர் சுமனபால. எழுபத்தொன்றின் தொடக்கத்தில், முதலாளி ஊரில் இல்லாத ஒரு நாள், சுமனபால ஒரு சிங்களத் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கிளம்பிய சிங்கள இயக்கத்துப் பொடியன்களுடையது. அப்பா அதைக் கோர்த்துக் கொடுத்தார்.

(இந்த இடத்தில் பலமுறை நின்றுவிட்டேன். அப்பாவைப் புரட்சிக்காரராக எழுதலாம். சிநேகிதனுக்காக மாட்டிக்கொண்ட அப்பாவியாகவும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் யாரோ ஓர் ஆள் நிற்கிறார், அப்பா இல்லை. "அவருக்கு அதுல என்ன எழுதியிருந்திச்சுன்னு தெரியுமா?" என்று ஒருமுறை அம்மாவைக் கேட்டேன். "தெரியாம எப்பிடி? உங்கப்பாவுக்கு எழுத்துப்பிழை ஆகாது. அவுங்க எழுதிக் குடுத்ததுல ரெண்டு பிழையத் திருத்திப் போட்டாராம். வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னாரு," என்றாள். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அப்பா. இதற்கு மேல் ஓர் ஆளைக் கற்பனை செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

ஏப்ரலில் அந்தப் பொடியன்களின் கலவரம் வெடித்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். ஒரு ஜீப் வந்து இருவரையும் அச்சகத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போனது. அம்மாவின் வயிற்றில் அப்போது நான் ஐந்து மாதம்.

பொலிஸ், முகாம், சிறை என்று அம்மா போகாத வாசல் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இன்னோர் இடத்தைச் சொன்னார்கள். நான் பிறந்த பிறகு என்னையும் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாசல்களில் நின்றவர்கள் அநேகமாகச் சிங்களத் தாய்மார். வலப்பனையிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "என் மகனை யாழ்ப்பாணத்தில், கடலுக்கு நடுவில் ஒரு கோட்டையில் வைத்திருக்கிறார்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்களாம். உன் புருஷனும் அங்கே இருப்பான்."

'இருப்பான்' என்பதை 'இருக்கிறான்' என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

3

எழுபத்துமூன்று ஆகஸ்டில் எங்கள் பங்குச்சாமியார் யாழ்ப்பாணத்து மாதா கோயில்களைப் பார்க்க ஒரு பயணம் ஒழுங்கு செய்தார். பஸ் நிறையத் தோட்டத்துப் பெண்கள். பொறுப்பாளாக உபதேசியார் சூசைரட்ணம் போனார். கோயிலில் பாடம் சொல்லிக் கொடுப்பவர், நல்ல மனிதர், பயந்தவர். அம்மா தான் எதற்காக வருகிறாள் என்று அவரிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் இருந்த யாரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்துக் கடல் ஆழமில்லாதது, அலையில்லாதது. "இதுவா கடல்? நம்ம ஊரு ஆறு, கொத்மல ஓயாவே இத விட எரையுமே," என்று யாரோ சொல்லப் போய் எல்லாரும் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்வாள், தன் மேல் ஒரு குற்றம் போல.

ஊர்காவற்றுறையில் கோயிலைப் பார்த்து முடித்ததும், கடலில் கொஞ்சத் தூரம் சுற்றிவர ஒரு மோட்டார் வள்ளம் பேசினார்கள். வள்ளக்காரர் பெயர் பத்திநாதன்.

(அவர் உண்மைப் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. நான் வைத்த பெயர் இது. அவர் என்ன பேசினார் என்பதும் அம்மாவுக்கு முழுதாக நினைவில்லை. "அவரு பேச்சே வேற மாதிரி, பாதி எனக்கு வெளங்கல," என்பாள். ஆகவே கீழே அவர் பேசுவதில் பாதி என்னுடையது. அவர் செய்தது என்னுடையது அல்ல.)

வள்ளம் துறையை விட்டு வந்ததும் கோட்டை தெரிந்தது. கரையே இல்லை. சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. வெயிலில் கறுத்து, நீளமாக, தாழ்வாகக் கிடந்தது.*

அம்மா குழந்தையோடு நகர்ந்து வள்ளக்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அது பக்கத்துல போவீங்களா?"

"கிட்டப் போகேலாது அக்கா. காவல் இருக்கு. சுடுவாங்கள்."

"உள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"கனபேர் இருக்கினம். பொடியள்." பிறகு அவளைப் பார்த்து, "ஆரும் உங்கட ஆக்களோ?" என்றார்.

"இந்தப் புள்ளயோட அப்பா."

அவர் என் தலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து வள்ளத்தின் முகத்தைத் திருப்பினார்.

சூசைரட்ணத்துக்கு விளங்கிவிட்டது. "எங்க போறீங்க? வேணாங்க, அந்தப் பக்கம் வேணாம்! டீச்சர், என்ன காரியம் செய்றீங்க? இத்தன பொம்பளைங்கள நம்பி அனுப்பியிருக்காங்க எங்கிட்ட!"

"உபதேசியாரே, ஒரே ஒரு தடவ. அவரு இன்னும் புள்ளயப் பாக்கல."

மற்றப் பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சூசைரட்ணம் ஜெபமாலையை எடுத்து வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பத்திநாதன் இஞ்சினைக் குறைத்தார். "மோட்டர் மக்கர் பண்ணுறமாதிரி விடுறன். எழும்பி நில்லுங்கோ. விழுந்து போகாதேங்கோ."

அம்மா எழுந்து நின்றாள். ஒரு பெண் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா என்னை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். கூப்பிட்டாள்.

"றோலண்ட்! றோலண்ட்! புள்ளயப் பாருங்க! பொம்பளப் புள்ள!"

சுவரின் மேலே வாளி சுமந்து போன ஓர் ஆள் நின்றான். வாளியைக் கீழே வைத்தான். கையைத் தூக்கி ஆட்டினான். பக்கத்தில் இன்னொருவன் வந்தான். அவனும் ஆட்டினான். பிறகு ஆறு ஏழு பேர், சுவரோரம் நெருக்கிக்கொண்டு, எல்லாரும் கையை ஆட்டினார்கள். முகம் எதுவும் தெரியவில்லை. பின்னால் வெயில்.

வள்ளத்திலிருந்த பெண்களும் கையை ஆட்டினார்கள். சில பேர் அழுதுகொண்டே ஆட்டினார்கள்.

உள்ளே விசில் கேட்டது. சுவரில் இருந்தவர்கள் மறைந்துபோனார்கள். பத்திநாதன் இஞ்சினை முழுதாகத் திறந்து வள்ளத்தைத் திருப்பினார்.

"எந்தக் கை அப்பாவோடது?" என்று சிறுவயதில் கேட்பேன்.

"மொதல்ல தூக்குன கை," என்பாள். சில நாள், "கடைசில எறக்குன கை," என்பாள்.

* ஒல்லாந்தர் அந்தக் கோட்டைக்கு வைத்த பெயருக்குப் 'பன்றித்தொடையின் குதிகால்' என்று பொருளாம். வரைபடத்தில் அந்தத் தீவு அவர்களுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்திருக்கிறது. அம்மா கோட்டை என்று சொன்னதே இல்லை. தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் வைத்துக் கட்டிய, லயம் என்கிற வீடுகள்தான் அவள் பிறந்து வளர்ந்த இடம். "கடல்ல கட்டுன லயம்" என்றுதான் சொல்வாள்.

4

கதையை இங்கே முடித்திருக்கலாம். இரண்டு முறை முடித்தும் பார்த்தேன். வாசித்துக் காட்டியபோது ஒரு சிநேகிதி அழுதாள். எனக்குத்தான் உறுத்தியது. ஏனென்றால் இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன். இந்தக் கதையில் எனக்கு நேரே தெரிந்த பகுதி அது ஒன்றுதான்.

எழுபத்தேழில் ஆட்சி மாறி, கைதிகளை விடத் தொடங்கினார்கள். அம்மா தினமும் பாடசாலை விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு றொசல்லை ஸ்டேஷனுக்குப் போவாள். ரயில் வரும், போகும். ஒரு நாள் பின்னேரம் ஸ்டேஷனிலிருந்து நாங்கள் திரும்பியபோது, குவார்ட்டர்ஸ் வாசலில் ஓர் ஆள் நின்றார். தலையெல்லாம் நரைத்திருந்தது. சுமனபால.

(இந்தக் காட்சியை முதலில் இப்படி எழுதினேன்: சுமனபால என்னைத் தூக்கிக்கொண்டு, "உன் அப்பன் என் பக்கத்தில்தான் நின்றான், உன்னைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடக்கூட இல்லை—" பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு சுமனபால வரவே இல்லை என்று எழுதினேன். அதுவும் நிற்கவில்லை. நடந்ததையே எழுதுகிறேன். அவர் பேசியது சிங்களத்தில்.)

உள்ளே வந்து உட்காரமாட்டேன் என்றார். நின்றபடியே, அம்மாவைத் தங்கை முறையில் கூப்பிட்டுச் சொன்னார்.

"நங்கி, றோலண்ட் எங்களோட அந்தக் கோட்டைக்கு வரல்ல."

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

"மொதல்ல வேற ஒரு எடத்துல வச்சிருந்தாங்க. கொஞ்ச நாள்ல அவனப் பேர் சொல்லிக் கூப்புட்டாங்க. எழும்பிப் போனான். திரும்பி வரல்ல."

"வேற கேம்புக்குக் கொண்டு போயிருப்பாங்க."

"நானும் அப்பிடித்தான் நெனைக்கப் பாத்தேன்." சுமனபால தரையைப் பார்த்தார். "வெடிச் சத்தம் கேட்டிச்சு நங்கி."

அம்மா அழவில்லை. விவாதிக்கிறவள் போலப் பேசினாள். "இல்ல. நான் போனேன். வள்ளத்துல போனேன். இந்தப் புள்ளயத் தூக்கிக் காட்டுனேன். கை காட்டுனாங்களே! நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அப்ப?"

"எந்த வள்ளம் வந்தாலும் நாங்க கை காட்டுவோம் நங்கி. மீன் புடிக்கிற வள்ளத்துக்கும் காட்டுவோம். வெளியில ஆள் தெரிஞ்சாப் போதும்."

"புள்ளயத் தூக்குன வள்ளம். ஞாபகம் இல்லயா?"

சுமனபால நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "ஞாபகம் இருக்குன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா பிடித்திருந்த என் கையை விட்டாள். பிறகு, "வேணாம்," என்றாள். "இருங்க. சோறாக்கிட்டேன். சாப்புட்டுட்டுப் போங்க."

அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது, தான் கொண்டுவந்த அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அந்தப் பேச்சு வேணாம். அவரு இஷ்டப்பட்டுத்தான் செஞ்சாரு," என்றாள் அம்மா.

அன்றைக்குப் பிறகு நாங்கள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

5

ஆனால் கதை மட்டும் மாறவில்லை. "உங்கப்பா ஒன்னயப் பாத்தது அங்கதான்." சுமனபால வந்துபோனதற்குப் பிறகும் அப்படியே சொன்னாள். எனக்குப் பதினாலு வயதில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "அவர்தான் அங்க இல்லன்னு சொன்னாங்களே. ஏம்மா திரும்பத் திரும்பச் சொல்றீங்க?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. "அங்க இருந்த புள்ளைங்க யாராச்சும் ஒன்னயப் பாத்து, நம்ம புள்ளதான்னு நெனச்சிருப்பாங்கடி," என்றாள். "அது போதாதா?"

எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை. நேரே போய் அந்தச் சுவரைப் பார்த்து எழுதலாம் என்றால், எண்பத்து மூன்றில் போர் தொடங்கிய பிறகு அந்தக் கடல் எங்களுக்கு மூடிப்போயிற்று.

எண்பத்தேழு செப்டம்பரில் அம்மா நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனாள். தாலியைக் கழற்றாமலே புதைத்தோம். அவள் அப்பாவுக்கு ஒரு முறைகூட இறந்தவர் பூசை கேட்டதில்லை. செத்த இடம் தெரியாது, செத்த நாள் தெரியாது, கல்லறை கிடையாது. யாரும் அவளைக் கேட்கவும் துணியவில்லை.

நவம்பரில் மரித்தோர் திருநாள் வந்தது. அன்றைய பூசையில் ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் வாசிப்பார். பெயர்களைக் கேட்டு எழுதுகிறவர் சூசைரட்ணம். இப்போது கிழவர், கை நடுங்கும். கோயில் வாசலில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "டோரீன்," என்றேன்.

எழுதினார். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அப்பா பேரு, மகளே? எழுதிக்கவா?"

அதட்டிக் கேட்கவில்லை. மிக மெதுவாகத்தான் கேட்டார். அம்மா இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

அப்பா பெயரை எழுதினால் அவருக்காக ஊரே ஒரு ஜெபம் சொல்லும். பதினாறு வருடமாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதினால், அம்மா ஆயுள் முழுக்கக் காத்ததை, அவளைப் புதைத்த ஈரம் காயுமுன் நான்—

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

அன்று நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியும் வைத்திருந்தேன், இரண்டு வரிதான். படித்துப் பார்த்தால், அப்பாவை நானே தீர்த்துவிட்டது போல ஒரு தொனி வந்துவிடுகிறது. எடுத்துவிட்டேன். அவரைப் பார்த்திராத எனக்கு அவரை இறந்தவர் என்று சொல்லும் உரிமை எவ்வளவோ, இதை இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கும் அவ்வளவு உண்டு.

வாசலில் தூறல் விழுகிறது. எனக்குப் பின்னால் மெழுகுதிரிகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். உபதேசியாரின் பேனா காகிதத்தைத் தொட்டபடி இருக்கிறது. எழுதலாமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.