பூஜ்யம் விழுந்த தெரு

அந்தத் தெருவில் வேலை செய்யும் பெண்கள் யாருமே இல்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். சமூகவியல் ஆய்வாளர். அரசாங்கப் புள்ளிவிவரத்தைக் கரைத்துக் குடித்தவள். வேலை செய்யும் பெண்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது, பூஜ்யம் என்றே எழுதினாள். அந்த அறிக்கையைக் காட்டித்தான் நகராட்சி, தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்தை மூடப் போகிறது.

"பாப்பாவ எங்கடி விடுவேன்? பசையும் கத்தரிக்கோலும் கெடக்கிற இந்த ரூம்லயா?" என்று அவளுடைய அக்கா கத்தினாள். அக்காவும் அதே தெருவில்தான் குடியிருந்தாள். கத்தும்போதும் மடியில் கிடந்த பைக்கு ஜிப் தைத்துக்கொண்டேதான் இருந்தாள். காலையில் ஏஜென்ட் மூட்டையை இறக்கிவிட்டுப் போவான், சாயங்காலம் தைத்ததை அள்ளிக்கொண்டு போவான். தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான்.

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட யாரு பதில் சொன்னது?"

"நான்தான்" என்றார் அத்தான். பை மூட்டையில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மனுஷன். "உன் அக்கா என்ன பண்றான்னு கேட்டாங்க. வீட்ல சும்மாதான் இருக்கான்னு சொன்னேன். ஏன், தப்பா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான்மேல் பாதி, தன்மேல் பாதி. அக்கா வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பாள், அந்த மூட்டையைத் தாண்டித்தானே கை கழுவப் போனாள்!

மறுநாள் தன் ஆய்வு நிறுவனத்து இயக்குநரிடம் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள்.

"அரசாங்கக் கணக்கையே சந்தேகப்படறியா?"

"இல்ல சார். பச்சக் குழந்தைங்க சாவு கொறஞ்சிருக்குன்னு அந்தக் கணக்காலதான் நமக்கே தெரியும். நாடு முழுக்க ஒரே கேள்விய வருஷா வருஷம் கேக்க நம்மளால முடியுமா? ஆனா வாசல்ல நின்னவர் சொன்னதுதான் அதுல ஏறும். உள்ள தைச்சுட்டிருந்தவள யாரும் கேக்கல. நானும் கேக்கல."

"பேர் கெட்டுடும்மா."

"கெடட்டும் சார்."

ஆண்கள் வெளியே போன நேரமாகப் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்களிடமே கேட்டாள். கேட்டதை எடுத்துக்கொண்டு நகராட்சிக் கூட்டத்துக்குப் போனாள். மேசைமேல் காப்பகத்துச் சாவி தயாராக இருந்தது.

"இத்தன ஆம்பளைங்களும் பொய்யா சொன்னாங்க?" என்று தலைவர் சிரித்தார்.

"பொய் இல்லங்க. அவங்க கண்ணுக்கு அது வேலையாவே தெரியல."

"சரி, உன் கணக்க மட்டும் எப்படி நம்பறது? உன் அக்கா தெருவாச்சே."

நியாயமான கேள்விதான். அவள் மழுப்பவில்லை.

"நம்பாதீங்க. உங்க ஆளுங்களயே மறுபடி அனுப்புங்க. பொம்பளைங்கள நேராக் கேக்கச் சொல்லுங்க."

"அப்பவும் பூஜ்யம் வந்தா?"

"நானே வந்து பூட்டறேன். அதுவரைக்கும் யாரும் பூட்டக் கூடாது." மேசைக்குக் குறுக்கே கை நீட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "ஏம்மா!" என்றார் ஒருவர். அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு, அப்படியே உட்கார்ந்தாள். தலைவர் அதிகாரிகள் பக்கம் திரும்பி, "மறுகணக்கு எடுங்கப்பா" என்றார்.

விடிந்ததும் காப்பகத்தைத் திறந்தவள் அவள்தான். பிள்ளைகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்கள்.